மாடு, மனிதர், கிருமி, ஸ்டெம் செல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாட்டு நோய், மனித நோய், ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) மூன்றும் மூன்று தனித்தனித் துறை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். படிப்பும் அப்படித்தான் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஆய்வகத்துக்குள் போனால் அந்தப் பிரிவு நிற்பதில்லை, ஒன்று இன்னொன்றின் காலில் மிதித்துக்கொண்டேதான் இருக்கும். அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன்.

மனிதருக்கு வரும் தொற்றை ஆராய மாடு எதற்கு? எலி போதாதா?

எலியைக் குறை சொல்லவில்லை. செலவு குறைவு, சீக்கிரம் குட்டி போடும், மரபணுவை மாற்றுவதும் சுலபம். ஆனால் ஆய்வகங்களில் வழக்கமாக வைத்திருக்கும் எலி வகைகளுக்குக் காசநோய்க் கிருமியைக் கொடுத்தால், மனித நுரையீரலில் வருவதுபோல நடுப்பகுதி செத்து நொறுங்கிய முடிச்சுகள் சரியாக உருவாவதில்லை. மாட்டில் உருவாகும். அதுவும் யாரும் ஊசி போட்டு அல்ல, தானாகவே தொற்றி வரும். மாடுகள் ஒன்றுக்கொன்று மரபணு வேறுபாடு உள்ளவை, வெளியில் மேய்ந்து பல கிருமிகளைச் சந்தித்தவை, அதாவது இந்த விஷயத்தில் நம்மைப் போன்றவை. ஆய்வக எலி அப்படி இல்லை, ஒன்றுக்கொன்று நகல்.

மாட்டுக்கும் வித்தியாசங்கள் உண்டு. நம் இரத்தத்தில் மிகச் சிறிய பங்கே உள்ள காமா-டெல்டா என்ற டி செல் வகை (டி செல் என்பது கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒன்று), இளங்கன்றுகளின் இரத்தத்தில் ஏராளமாக இருக்கும். அதனால் மாட்டில் கிடைத்த முடிவை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாது. எதற்கு எந்தப் பிராணி பொருந்தும் என்று தெரிந்து எடுப்பதில்தான் பாதி வேலை.

மாட்டிடமிருந்து நமக்கு என்னென்ன தொற்றும்?

பட்டியல் நீளம், முக்கியமானவற்றைச் சொல்கிறேன். மாட்டுக் காசநோய், கன்று வீச்சு நோய் எனப்படும் புருசெல்லா, அடைப்பான், எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டோஸ்பைரா, ஈற்று நேரத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து காற்றில் பரவும் க்யூ காய்ச்சல், கன்றுக்குக் கழிச்சல் உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம், ஈ.கோலை ஓ157. இவை ஒவ்வொன்றும் வரும் வழி வேறு: சில பாலில், சில சாணத்தில், சில மூச்சில், சில ஈற்றுக்குக் கை கொடுக்கும்போது.

எதிர்த்திசையும் உண்டு, காசநோய் உள்ள மனிதரிடமிருந்து மாட்டுக்குத் தொற்றிய நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன.

ஒரே கிருமி மாட்டை ஒன்றும் செய்யாமல் நம்மை மட்டும் படுக்க வைப்பது எப்படி?

நல்ல கேள்வி, ஈ.கோலை ஓ157 இதற்குச் சரியான உதாரணம். 1982-இல் அமெரிக்காவில் சரியாக வேகாத ஹாம்பர்கர் சாப்பிட்டவர்களிடம் இரத்தக் கழிச்சல் வந்தபோதுதான் இந்த வகை முதன்முதலாகக் கவனத்துக்கு வந்தது. மாட்டின் குடலில், குறிப்பாக மலக்குடலின் கடைசிப் பகுதியில், இது சுகமாக ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. மாடு ஆரோக்கியமாகவே இருக்கும். காரணம், இந்தக் கிருமி விடும் ஷிகா நச்சு பிடித்துக்கொள்ள வேண்டிய ஜிபி3 என்ற ஏற்பி மாட்டின் குடல் இரத்தக் குழாய்களில் இல்லை. நமக்கு அந்த ஏற்பி குடலிலும் சிறுநீரகத்திலும் இருக்கிறது. அதனால்தான் சின்னக் குழந்தைகளுக்குக் கழிச்சலோடு நிற்காமல் சிறுநீரகம் வரை போய்விடுகிறது. 100-க்கும் குறைவான கிருமிகளே தொற்றுக்குப் போதும். இன்னொரு சிக்கல், ஆன்டிபயாடிக் கொடுத்தால் சாகும் கிருமி நச்சை இன்னும் அதிகமாக வெளியே தள்ளலாம் என்பதால் மருத்துவர்கள் அதைத் தவிர்க்கவே பார்ப்பார்கள். இரத்தக் கழிச்சலுக்குக் கையில் கிடைத்த மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

மாட்டுக்குக் காசநோய் இருக்கிறதா என்று எப்படிப் பார்க்கிறார்கள்?

கழுத்தில் இரண்டு இடங்களில் முடியைக் கத்தரித்து, தோலை மடித்துப் பிடித்து, காலிப்பரால் தடிமனை அளந்து எழுதிக்கொள்வார்கள். மேலே பறவைக் காசநோய்க் கிருமியின் புரதம், கீழே மாட்டுக் காசநோய்க் கிருமியின் புரதம், இரண்டும் தோலுக்குள்ளேயே போக வேண்டும், கொஞ்சம் ஆழமாகப் போனாலும் கணக்குக் கெட்டது. 72 மணி நேரம் கழித்து அதே இரண்டு இடங்களையும் மறுபடி அளக்க வேண்டும். கீழே உள்ள வீக்கம் மேலே உள்ளதைவிடக் குறிப்பிட்ட அளவு கூடுதலாக இருந்தால் மாட்டுக்குத் தொற்று. பறவைப் புரதம் எதற்கு என்றால், மண்ணில் இருக்கும் வேறு சொந்தக்காரக் கிருமிகளைச் சந்தித்த மாடும் லேசாக வீங்கும், அதைக் கழிக்க. படிக்க எளிமையாகத்தான் இருக்கிறது, முரட்டு மாட்டின் கழுத்தில் மில்லிமீட்டர் அளப்பது எவ்வளவு எளிமை என்று அளப்பவரைத்தான் கேட்க வேண்டும்.

இந்தத் தொல்லையிலிருந்து பிறந்த இன்னொரு முறைதான் இப்போது மனிதருக்கும் பயன்படுகிறது. 1980-களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியாவில், மாட்டின் இரத்தத்தைக் குழாயில் எடுத்து, அதில் கிருமியின் புரதத்தைக் கலந்து ஓர் இரவு வைத்து, செல்கள் இன்டர்ஃபெரான்-காமா என்ற நோய் எதிர்ப்புச் சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கின்றனவா என்று பார்க்கும் சோதனையை உருவாக்கினார்கள். அதே யோசனைதான் பிறகு மனிதருக்கான குவான்டிஃபெரான் சோதனையாகி, 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வெளிநாட்டு வேலைக்கோ படிப்புக்கோ போகும்போது உங்களிடம் இரத்தம் எடுத்து இந்தச் சோதனை செய்திருந்தால், அது தொழுவத்திலிருந்து வந்த சோதனை.

மாட்டுக் காசநோய் நமக்கு வந்தால் மருந்து ஒன்றுதானா?

பெரும்பாலும் ஒன்றுதான், ஆனால் ஒரு விதிவிலக்கு. வழக்கமான கூட்டுச் சிகிச்சையில் உள்ள பைரசினமைடு மருந்துக்கு மாட்டுக் காசநோய்க் கிருமி பிறவியிலேயே மசியாது. எந்த வகை என்று தெரியாமல் சிகிச்சை தொடங்கினால் நான்கு மருந்தில் ஒன்று வேலை செய்யாமல் போகிறது. அதனால் வகை பிரித்துப் பார்ப்பது வீண் வேலை இல்லை.

ஒரு பழைய நம்பிக்கையையும் இங்கேயே தீர்த்துவிடலாம். மனிதக் காசநோய் மாட்டிடமிருந்து வந்தது என்று பல காலம் பாடப்புத்தகங்களிலேயே இருந்தது. மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்ததில், மாட்டு வகைதான் அதிகத் துண்டுகளை இழந்திருக்கிறது, தொலைத்ததை மீட்டு மனித வகையாக மாற வழியில்லை. அந்தப் பழியை மாட்டின் மேல் போட வேண்டாம். தட்டம்மையில் மட்டும் பழி பொருந்தும்: அதன் மூதாதையும் மாட்டு வெக்கை நோயின் மூதாதையும் ஒன்றுதான். மாட்டு வெக்கையை 2011-இல் உலகத்திலிருந்தே ஒழித்துவிட்டோம், தட்டம்மை இன்னும் இருக்கிறது.

காசநோய்க்குப் போடும் பி.சி.ஜி. தடுப்பூசியும் மாட்டுக் கிருமிதானாமே?

ஆம். கால்மெட், கெரான் என்ற இரண்டு பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் ஒரு பசுவிலிருந்து எடுத்த காசநோய்க் கிருமியை 1908 முதல் 13 ஆண்டுகள், பித்தநீர் கலந்த உருளைக்கிழங்கில் திரும்பத் திரும்ப வளர்த்து, சுமார் 230 முறை மாற்றி மாற்றி, அதன் வீரியத்தைக் கழற்றினார்கள். 1921-இல் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள், அப்போது ஊசியாக அல்ல, வாய்வழியாக. அந்தக் கிருமி எந்தத் துண்டுகளை இழந்து பலவீனமானது என்பது பல பத்தாண்டுகள் கழித்து மரபணு ஆய்வில்தான் தெரிந்தது. இழந்த துண்டில் இருந்த இஎஸ்ஏடி-6, சிஎஃப்பி-10 என்ற புரதங்களை வைத்துத்தான் இப்போது பி.சி.ஜி. போட்டவரையும் உண்மையில் தொற்று உள்ளவரையும் இரத்தச் சோதனையில் பிரிக்கிறார்கள். மாட்டுக்கு பி.சி.ஜி. போடலாமா என்ற நீண்ட விவாதத்திலும் இதுவே முட்டுக்கட்டை: போட்டால் தோல் சோதனையில் நல்ல மாடும் நோயுள்ள மாடுபோலக் காட்டும்.

இதில் ஸ்டெம் செல் எங்கே வந்தது?

இங்கேதான் வருகிறது. பி.சி.ஜி. போட்ட குழந்தைகளுக்குக் காசநோய் அல்லாத வேறு தொற்றுகளும் குறைவதாகப் பல இடங்களில் கவனித்தார்கள். ஏன் என்று புரியவில்லை, ஏனென்றால் பழைய கணக்கில் தடுப்பூசி என்பது ஒரு கிருமிக்கு ஒரு நினைவு. நினைவை வைத்திருப்பவை டி செல், பி செல். மற்ற வெள்ளணுக்கள் பல சில நாட்களில் செத்துப்போகும், அவற்றுக்கு நினைவு எங்கிருந்து?

2018-இல் எலிகளில் பார்த்த ஆய்வு பதிலைக் காட்டியது. எலும்பு மஜ்ஜையை எட்டிய பி.சி.ஜி., அங்கே இரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்களையே மாற்றிவிட்டது. அவற்றிலிருந்து பிறந்த புதுப்புது மேக்ரோஃபேஜ்கள் (கிருமியை விழுங்கும் வெள்ளணுக்கள்) பிறக்கும்போதே காசநோய்க் கிருமியை நன்றாகச் சமாளித்தன. இதில் ஒரு நுணுக்கம், எலிக்கு இரத்த நாளத்தில் செலுத்தியபோதுதான் இது நடந்தது, தோலுக்கடியில் போட்டபோது இல்லை. பிறகு 2020-இல் மனிதத் தன்னார்வலர்களிடமும், சாதாரணமாக ஊசி போட்டு 90 நாள் கழித்து மஜ்ஜையை எடுத்துப் பார்த்தபோது, ஸ்டெம் செல்களின் மரபணு இயக்கம் மாறியிருந்தது.

கிருமியும் சும்மா இருப்பதில்லை. காசநோய்க் கிருமி மஜ்ஜையிலுள்ள, எலும்பும் கொழுப்பும் உண்டாக்கும் மெசன்கைமல் ஸ்டெம் செல்லுக்குள் ஒளிந்துகொள்ளும் என்று 2013-இல் காட்டினார்கள். அதே ஆண்டில் வந்த இன்னொரு ஆய்வு, தொழுநோய்க் கிருமி நரம்பைச் சுற்றியுள்ள ஷ்வான் செல்லைத் திருப்பி ஸ்டெம் செல் போன்ற நிலைக்கு இழுத்துவிடுகிறது என்றது. பல ஆண்டு படித்து நாம் செய்வதை ஒரு பாக்டீரியா செய்துகொண்டிருக்கிறது, என்ன சொல்ல.

சரி, ஸ்டெம் செல் என்றால் என்ன? சுருக்கமாக.

தன்னைப் போலவே இன்னொன்றை உண்டாக்கவும், வேறு வகைச் செல்லாக மாறவும் இரண்டுமே தெரிந்த செல். மஜ்ஜையில் உள்ள இரத்த ஸ்டெம் செல் இரத்தம் மட்டுமே செய்யும், குடலில் உள்ளது குடல் மட்டுமே. சில நாள் வயதுள்ள கருவிலிருந்து எடுப்பது உடலின் எல்லா வகைச் செல்லாகவும் மாறும். எலியில் 1981-இலும் மனிதரில் 1998-இலும் அதை வளர்த்தார்கள். 2006-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் யமனாகா நான்கே மரபணுக்களைச் செலுத்தி, வளர்ந்த எலியின் தோல் செல்லைக் கருநிலைக்குத் திருப்பினார், மறு ஆண்டே மனிதச் செல்லிலும் நடந்தது, 2012-இல் ஜான் கர்டனோடு சேர்ந்து நோபல். அந்த வகைக்கு ஐபிஎஸ் செல் என்று பெயர்.

மாட்டில் கருநிலை ஸ்டெம் செல் எடுத்தாயிற்றா?

எடுத்தாயிற்று, ஆனால் நிலையாக வளர்த்துக் காட்டியது 2018-இல்தான். எலிக்குப் பிறகு 37 ஆண்டு! முயற்சி இல்லாமல் இல்லை. எலிக்குப் பொருந்திய ஊடகத்தில் (செல்லை வளர்க்கும் சத்துத் திரவம்) மாட்டுச் செல் சில வாரத்தில் வேறு செல்லாக மாறிப்போகும், அல்லது வளராமல் நின்றுவிடும். வளர்ச்சிக் காரணி ஒன்றையும் டபிள்யுஎன்டி என்ற சமிக்ஞையை அடக்கும் மருந்தையும் சேர்த்த பிறகே கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இருந்த குழுவுக்கு அது கைகூடியது. 2023-இல் ஸ்டெம் செல்களை மட்டும் சேர்த்தே பசுவின் கருக்கோளம் போன்ற அமைப்பையும் தட்டில் உருவாக்கினார்கள்.

கரு வளர்ச்சியைப் புரிந்துகொள்ள மாட்டுக் கரு உண்மையிலேயே உதவுமா?

சில விஷயங்களில் எலியைவிட நன்றாகவே உதவும். கரு தன் சொந்த மரபணுக்களை இயக்கத் தொடங்குவது எலியில் 2 செல் கட்டத்தில், மனிதரில் 4 முதல் 8 செல்லில், மாட்டில் 8 முதல் 16 செல்லில். எலிக்கரு ஆரம்பத்தில் கிண்ணம்போல உள்வளைந்து வளரும், மனிதக் கருவும் மாட்டுக் கருவும் தட்டையான வட்டாகத் தொடங்கும். சினைக்காலமும் நம்மைப்போல ஒன்பது மாதம்தான்.

ஆனால் கருப்பையில் ஒட்டும் விஷயத்தில் மாடு வேறு ரகம். மனிதக் கரு ஒரு வாரத்திலேயே சுவரைத் துளைத்து உள்ளே போகும். மாட்டுக் கரு மூன்றாவது வாரம் வரை எங்கும் ஒட்டாமல் மிதந்துகொண்டே நூல்போல நீண்டுகொண்டு போகும், அந்த நேரத்தில் இன்டர்ஃபெரான்-டௌ என்ற பொருளைச் சுரந்து, ‘நான் இருக்கிறேன், அடுத்த பருவத்துக்குப் போகாதே’ என்று தாய்க்குத் தெரிவிக்கும். வைரஸை எதிர்க்கும் குடும்பத்துப் புரதம் ஒன்று சினையைத் தக்கவைக்கும் வேலைக்கு வந்திருப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

கருவிலேயே தொற்று வந்தால் என்ன ஆகும்?

பி.வி.டி. என்ற மாட்டு வைரஸ் கழிச்சல் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். சினையின் ஏறத்தாழ இரண்டாவது மாதம் முதல் நான்காவது மாதத்துக்குள் இந்த வைரஸ் கருவை எட்டினால், அப்போதுதான் ‘எது என் உடல், எது அந்நியம்’ என்று பழகிக்கொண்டிருக்கும் நோய் எதிர்ப்பு மண்டலம் வைரஸையும் தன் உடல் என்றே கணக்கில் சேர்த்துவிடும். பிறக்கும் கன்று ஆயுள் முழுக்க வைரஸைப் பரப்பும், எதிர்க்காது. பார்க்க நன்றாகவும் இருக்கலாம், அதுதான் ஆபத்து. காது மடலில் சிறு துண்டு எடுத்துச் சோதித்துக் கண்டுபிடிக்கலாம்.

இதே குடும்பத்து உறவுதான் கொசு வழியாகப் பரவும் ஜிக்கா வைரஸ். கர்ப்பத்தில் அது தொற்றினால் குழந்தைகளின் தலை ஏன் சிறுத்துப் பிறக்கிறது என்ற கேள்விக்கு, 2016-இல் ஐபிஎஸ் செல்லிலிருந்து உண்டாக்கிய மூளை முன்னோடிச் செல்களில் வைரஸை விட்டுப் பார்த்துத்தான் வேகமாக ஆதாரம் கிடைத்தது. கர்ப்பிணிகளிடம் செய்யவே முடியாத ஆய்வு அது.

பி.வி.டி. ஸ்டெம் செல் ஆய்வகத்தையும் விட்டுவைக்கவில்லை. செல் வளர்ப்புக்கு வழக்கமாக ஊற்றும் சீரம் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) இறைச்சிக்கூடத்தில் சினைமாட்டின் கருவிலிருந்து எடுப்பது. பல கருக்களின் சீரத்தை ஒன்றாகக் கலப்பார்கள், ஒன்றில் வைரஸ் இருந்தாலும் மொத்தமும் போச்சு. வைரஸ் வகை பெரும்பாலும் செல்லைக் கொல்லாத வகை, மைக்ராஸ்கோப்பில் எல்லாம் பளிச்சென்று இருக்கும், ஆனால் செல்லின் இன்டர்ஃபெரான் பதில் உள்ளுக்குள் கெட்டிருக்கும். அந்தச் செல்லில் தொற்று ஆராய்ச்சி செய்தால் முடிவு எதைச் சொல்லும்? புதிதாகச் சேரும் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது, சீரம் பாட்டிலின் சோதனைச் சான்றைப் படித்தாயா என்பதுதான். காமாக் கதிர் பாய்ச்சிய சீரம், அல்லது சீரமே இல்லாத ஊடகம், இரண்டில் ஒன்று. அப்புறம் மைக்கோப்ளாஸ்மா என்ற நுண்ணிய பாக்டீரியா உள்ளதா என்ற சோதனை. அதற்குச் செல் சுவர் இல்லை, பென்சிலின் ஒன்றும் செய்யாது.

ஆர்கனாய்டு என்கிறார்களே, அதனால் தொற்று ஆராய்ச்சிக்கு என்ன லாபம்?

2009-இல் குடலின் ஸ்டெம் செல் ஒன்றிலிருந்தே குட்டிக் குடல் போன்ற உருண்டையை ஜெல்லில் வளர்த்துக் காட்டினார்கள், அதுதான் ஆர்கனாய்டு. கிரிப்டோஸ்போரிடியத்துக்கு இது வரப்பிரசாதம். 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் குடிநீர் வழியாகச் சுமார் 4 லட்சம் பேரைப் படுக்க வைத்த ஒட்டுண்ணி இது, குளோரினுக்கு அசையாது. சாதாரணச் செல் வளர்ப்பில் சில நாளுக்குமேல் தாங்காது. 2018-இல் மனிதச் சிறுகுடல் ஆர்கனாய்டுக்குள் நுண்ணூசியால் செலுத்தியபோது முழு வாழ்க்கைச் சுழற்சியும் நடந்தது. நுண்ணூசி ஏன் என்றால், உருண்டையின் உட்புறம்தான் குடலின் உணவு போகும் பக்கம், கிருமி நுழையும் வாசலும் அங்கேதான். பசுவின் குடலிலிருந்தும் இப்போது வளர்க்கிறார்கள், ஒரே கிருமியை இரண்டு குடலிலும் பக்கத்துப் பக்கத்தில் பார்க்கலாம்.

உண்ணிக் காய்ச்சல் மாட்டுக்குப் புற்றுநோய் மாதிரி என்று கேள்விப்பட்டேன், நிஜமா?

தைலேரியாவைச் சொல்கிறீர்கள். நிஜம்தான். உண்ணி மூலம் வரும் இந்த ஒட்டுண்ணி வெள்ளணுவுக்குள் புகுந்து அதை நிற்காமல் பிரிய வைக்கும். செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் நார்களிலேயே தானும் தொற்றிக்கொண்டு இரண்டு பக்கமும் பங்காகப் போய்விடும். பூபார்வகோன் மருந்து கொடுத்து ஒட்டுண்ணியைக் கொன்றால் செல் பழைய நிலைக்குத் திரும்பும். புற்றுபோன்ற நிலையைத் திருப்ப முடிகிற இடம் இது, புற்றுநோய் ஆராய்ச்சியாளர்கள் இன்னும் நிறையப் பேர் எட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

பறவைக் காய்ச்சல் பசுவுக்கும் வந்ததே?

எச்5என்1, 2024 மார்ச்சில் அமெரிக்கக் கறவை மாடுகளில் உறுதியானது. நுரையீரலைவிட மடிதான் அதற்குப் பிடித்த இடம், பால் சீம்பால்போலக் கெட்டியாகி மஞ்சளாகும், அதில் வைரஸ் குவிந்திருக்கும், கறவை இயந்திரம் வழியாக அடுத்த மாட்டுக்குப் போகும். பச்சைப்பால் குடித்த பண்ணைப் பூனைகள் செத்தன. பாஸ்ச்சரைஸ் செய்தால் வைரஸ் அழியும்.

அப்படியானால் பச்சைப்பால்?

வேண்டாம். பாஸ்ச்சரைஸ் செய்வது என்றால் 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி, அல்லது 63 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்குவது. மேலே சொன்ன பால்வழிக் கிருமிகள் அதற்குத் தாங்காது.

நோயே வராத மாட்டை உருவாக்க முடியுமா?

எந்த நோயும் வராத மாடு கிடையாது. ஒரு நோய்க்கு முயன்றிருக்கிறார்கள். பி.வி.டி. வைரஸ் பிடித்துக்கொள்ளும் சிடி46 என்ற புரதத்தில் ஆறே அமினோ அமிலங்களை மாற்றிப் பிறந்த கன்று பற்றி 2023-இல் வெளியிட்டார்கள். வைரஸ் பரப்பும் கன்றோடு ஒரே இடத்தில் விட்டும் அது பெரிதாக நோய்வாய்ப்படவில்லை. ஒரு கன்று ஒரு கன்றுதான், அதை வைத்துப் பெரிய முடிவு எடுக்கக்கூடாது. இதே புரதம்தான் மனிதரில் தட்டம்மைத் தடுப்பூசி வைரஸுக்கும் வாசல்.

முட்டிவலி, சர்க்கரை, ஆட்டிசம் எல்லாவற்றுக்கும் ஸ்டெம் செல் ஊசி என்று விளம்பரம் வருகிறதே?

பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக நிரூபணமானது இரத்தப் புற்றுநோய், சில பிறவி இரத்தக் குறைபாடுகள் ஆகியவற்றுக்கான மஜ்ஜை மாற்று, கண்ணின் கருவிழி ஓரச் செல் சிகிச்சை போன்ற சிலவே. மற்றவை பல ஆய்வு நிலையில் இருக்கின்றன. உண்மையான மருத்துவ ஆய்வில் சேருபவரிடம் ஊசிக்குக் கட்டணம் கேட்பது வழக்கம் இல்லை. எல்லா நோய்க்கும் ஒரே ஊசி என்று சொன்னாலே எழுந்து வந்துவிடலாம். சுத்தமில்லாமல் தயாரித்த செல்லோடு பாக்டீரியாவும் உள்ளே போய் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் உண்டு.

கிடாரிக் கன்றுக்குப் புருசெல்லா ஊசி போடும்போது என் விரலில் குத்திவிட்டது. என்ன செய்ய?

உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்து நன்றாகக் கழுவுங்கள், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இது உயிருள்ள கிருமி உள்ள தடுப்பூசி. போகும்போது மருந்து பாட்டிலையோ அதன் லேபிள் போட்டோவையோ கையோடு கொண்டு போங்கள். இந்தத் தடுப்பூசியில் எஸ்19, ஆர்பி51 என்று இரண்டு கிருமி வகை உண்டு. எஸ்19 என்றால் டாக்சிசைக்ளினோடு ரிஃபாம்பிசின் சேர்த்துத் தருவது வழக்கம். ஆர்பி51 என்றால் ரிஃபாம்பிசின் பலிக்காது, அந்தக் கிருமி அதற்கு மசியாமலேயே உருவாக்கப்பட்டது, வேறு மருந்து வேண்டும். அதோடு வழக்கமான புருசெல்லா இரத்தச் சோதனை ஆர்பி51-ஐக் காட்டாது, அதனால் ரிப்போர்ட்டில் தொற்று இல்லை என்று வந்தாலும் காய்ச்சல், இரவில் வியர்வை, மூட்டுவலி வந்தால் ஊசி குத்தியதைச் சொல்லி மறுபடி போங்கள்.